கட்ட வேண்டாத பணமும் கட்டிவிட்டுக் காத்திருக்கும் பணமும்: பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு எந்த உதவி?

கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்த கையோடு என் கடைக்கு வரும் கூட்டம் மாறிவிடும். அதுவரை பட்டா நகல், பான் கார்டு, ரயில் டிக்கெட் என்று வந்தவர்கள் குறைந்து, மதிப்பெண் பட்டியலைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு அம்மாக்கள் வர ஆரம்பிப்பார்கள். குடியாத்தத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருப்பவன் நான். கல்வி ஆலோசகன் கிடையாது. ஆனால் வருடத்துக்கு வருடம் இத்தனை விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்து, அதில் எது பணமாக வந்தது, எது வரவில்லை என்று திரும்பி வந்து சொல்பவர்களையும் கேட்டுக் கேட்டு, கொஞ்சம் கணக்கு பிடிபட்டிருக்கிறது.

2025 மே மாதம் ஓர் அம்மா வந்தார். பீடி சுற்றுகிறவர். கணவர் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் ஒப்பந்த வேலை. பெண் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி, எம்.பி.சி. சான்றிதழ். கணிதத்தில் 62, இயற்பியலில் 58, வேதியியலில் 64. பொறியியல் கட் ஆஃப் போட்டுப் பார்த்தால் 123 வருகிறது. அம்மாவின் கையில் மூன்று தாள்கள் இருந்தன. ஒன்று, உள்ளூர் அரசு திருமகள் ஆலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர யாரோ எழுதிக் கொடுத்த குறிப்பு. இரண்டாவது, வேலூரில் ஒரு கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் பி.சி.ஏ.வுக்கான கட்டண விவரம். மூன்றாவது, ஒரு ஏஜென்ட் கொடுத்த வழவழப்பான தாள். தனியார் பொறியியல் கல்லூரி, "50 சதவீதம் ஸ்காலர்ஷிப்" என்று சிவப்பில் அச்சடித்திருந்தது.

"எதுல சேத்தா பணம் நெறைய வரும்ணா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. ஆனால் அதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: அந்தப் பணம் எப்போது வரும்? கல்லூரிகள் ஆடி மாதத்துக்குள் கட்டணத்தைக் கேட்கின்றன. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவே கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் முடியும். கல்லூரி சரிபார்த்து, துறை சரிபார்த்து, கணக்கில் ஏறுவதற்கு மாசி, பங்குனி ஆகிவிடுகிறது. என் கடையில் பார்த்தவரை அதுவே சீக்கிரம் வந்த கணக்கு. நடுவில் இருக்கும் எட்டு மாதத்தை யார் தாங்குவது? கம்மலை அடகு வைத்து, அல்லது ரெண்டு வட்டிக்கு வாங்கி, அல்லது மகளிர் குழுக் கடனை எடுத்துத்தான் கட்டுகிறார்கள். முப்பதாயிரம் ரூபாயை ரெண்டு வட்டிக்கு எட்டு மாதம் வைத்திருந்தால் வட்டி மட்டும் 4,800. அப்படியானால் முப்பதாயிரம் உதவித்தொகை உண்மையில் 25,200தான்.

அதனால் நான் எல்லா உதவிகளையும் தொகையை வைத்து அடுக்குவதில்லை. கட்டவே வேண்டாத பணம் முதலில். மாதாமாதம் கைக்கு வருவது அடுத்து. கட்டிவிட்டுக் காத்திருந்து வாங்குவது அதற்கும் அடுத்து. திருப்பிக் கட்ட வேண்டிய கடன் கடைசி. ஏஜென்டின் சிவப்பு எழுத்து இந்த வரிசையிலேயே வராது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உள்ளூர் அரசுக் கல்லூரியா, 7.5 சதவீதத்தில் பொறியியலா?

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான். ஆனால் அந்த அம்மாவின் மூன்று தாள்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான இந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டு வழி இல்லவே இல்லை. யாரும் சொல்லவில்லை.

அரசுக் கல்லூரியை முதலில் பார்ப்போம். விண்ணப்பக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் சேர்த்து ஐம்பது ரூபாய். இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது, மற்ற சில்லறைக் கட்டணங்கள்தான். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் மூன்று வருட இளநிலை படிக்கும் பி.சி., எம்.பி.சி., சீர்மரபினர் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வித் திட்டம் இருக்கிறது. அதற்கு வருமான வரம்பும் இல்லை. முதுநிலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்பு என்று போனால்தான் இரண்டரை லட்ச ரூபாய் வரம்பு குறுக்கே வரும். அப்புறம் புதுமைப் பெண் திட்டம். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் மேற்படிப்பு முடிக்கும்வரை மாதம் ஆயிரம் ரூபாய். 2024-25 முதல் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. ஆண் பிள்ளைகளுக்கு இதே போல 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது. இந்த ஆயிரம் ரூபாயின் அருமை என்னவென்றால், வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது நிற்பதில்லை.

உள்ளூர்க் கல்லூரியில் கட்டணம் ஏறக்குறைய இல்லை, போக வர டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, சாப்பாடு வீட்டில். ஆகவே அந்த ஆயிரம் முழுசாகக் கையில் நிற்கும். மூன்று வருடத்துக்கு 36,000. படிக்கப் போய் வீட்டுக்குப் பணம் கொண்டுவரும் படிப்பு என்று வேடிக்கையாகச் சொல்வேன்.

இப்போது அடுத்தது. தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2020-ல் மருத்துவத்துக்கு வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் என்று விரிந்தது. இந்த இடத்தில் சேருகிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. தனியார் சுயநிதிக் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் அப்படித்தான். கலந்தாய்வு இடத்துக்கு 2017-ல் கட்டணக் குழு வைத்த தொகை வருடத்துக்கு 50,000, அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவென்றால் 55,000. நான்கு வருடத்துக்கு இரண்டு லட்சமாவது ஆகும். விடுதியையும் சேர்த்தால் எங்கேயோ போகும். அதைக் கட்டவே வேண்டாம் என்பது, நான் மேலே சொன்ன வரிசையில் முதல் வரிசை. மாதம் ஆயிரம் அதற்கு மேலே தனி.

இந்த இடம் பொறியியல் கலந்தாய்வு வழியாக மட்டும்தான் கிடைக்கும். கலந்தாய்வுக்கு முன்பே ஏதாவது கல்லூரியில் நேரடியாகப் பணம் கட்டி, அசல் சான்றிதழ்களைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டால் கதை முடிந்தது. "அப்புறம் கவர்மெண்ட்ல மாத்திக்கலாம்" என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். மாற்ற முடியாது.

123 கட் ஆஃபுக்கு இந்த ஒதுக்கீட்டில் ஓர் இடம் கிடைத்துவிடும். பாகாயத்தில் இருக்கும் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரி போன்ற இடம் கிடைப்பது கஷ்டம், தனியார் கல்லூரிகளில் கிடைக்கும். ஆனால் இலவச இடம் என்பதற்காகவே ஓடக் கூடாது. கணிதத்தில் 62 எடுத்த பிள்ளை முதல் வருடத்திலேயே நான்கு அரியர் வைத்து, இரண்டாம் வருடம் நின்றுபோனால் அரசு கட்டிய பணம் யாருக்கும் உதவாது. அப்படி நின்ற பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். நின்ற பிறகு வேறு கல்லூரிக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்க அலைந்ததையும் பார்த்திருக்கிறேன். அதே மதிப்பெண்ணில் போய் அழகாகத் தேறி, சென்னையில் வேலையில் இருக்கிறவர்களும் உண்டு. வித்தியாசம் என்னவென்று கேட்டால், என்னால் சொல்ல முடிந்த ஒரே பதில்: அந்தப் பிள்ளைக்கு அதில் ஆசை இருந்ததா என்பதுதான்.

ஆசை இருந்தால் 7.5 சதவீத இடத்தை விடவே கூடாது. ஆசை இல்லை, கணிதம் பிடிக்கும், ஆசிரியர் ஆக வேண்டும் அல்லது போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்றால் உள்ளூர் பி.எஸ்சி.

வேலூர் பி.சி.ஏ.

இதை நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. அரசு உதவி பெறும் கல்லூரி என்ற பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஒரே வளாகத்தில் உதவி பெறும் பிரிவும் இருக்கும், சுயநிதிப் பிரிவும் இருக்கும். கட்டணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். பி.சி., எம்.பி.சி. பிள்ளைகளின் இலவசக் கல்வித் திட்டத்தை நம்பிச் சேருவதானால் உதவி பெறும் பிரிவில் இடம் கிடைக்க வேண்டும். அந்தத் தாளில் வருடத்துக்கு நாற்பதாயிரத்துக்குக் கிட்டப் போட்டிருந்தது. புதுமைப் பெண் பணம் பன்னிரண்டாயிரம் போனாலும் மீதி இருபத்தெட்டாயிரம் கையிலிருந்து. குடியாத்தம், வேலூர் மப்சல் பஸ்ஸில் டவுன் பஸ் இலவசம் செல்லாது. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் சேரும்போது "இது எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டால் போதும்.

ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு இரண்டு பதில்

மேலே சொன்ன கணக்கு எம்.பி.சி. குடும்பத்துக்கு. பக்கத்து வீட்டில் அதே மதிப்பெண்ணோடு எஸ்.சி. சான்றிதழ் வைத்திருக்கும் பிள்ளைக்குக் கணக்கே வேறு. எஸ்.சி., எஸ்.டி., மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் தனியார் கல்லூரியின் நிர்ணயிக்கப்பட்ட கட்டணத்தையும் ஏற்கும். அதோடு பராமரிப்புப் படியும் உண்டு. அந்த வீட்டுக்கு வேலூர் பி.சி.ஏ. அவ்வளவு பாரம் கிடையாது. ஆனால் நிர்வாக ஒதுக்கீட்டில், அதாவது கலந்தாய்வு இல்லாமல் கல்லூரியே நேரடியாக நிரப்பும் இடத்தில் சேர்ந்தால் இந்தத் தொகை தமிழ்நாட்டில் 2017-லிருந்து கிடையாது. இது தெரியாமல் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிட்டு, "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் வரும்னு சொன்னாங்களே" என்று வருகிற குடும்பம் வருடத்துக்கு ஒன்றாவது இருக்கும்.

பேரணாம்பட்டிலிருந்து வருகிற முஸ்லிம் குடும்பங்களிடம் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. தங்களுக்குச் சிறுபான்மையினர் உதவித்தொகை மட்டும்தான் என்று நினைத்து, மற்றதைக் கேட்பதே இல்லை. தமிழ்நாட்டில் பெரும்பாலான முஸ்லிம் பிரிவுகள் பி.சி. முஸ்லிம் பட்டியலில் இருக்கின்றன. பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் இலவசக் கல்வியும் விடுதியும் அவர்களுக்கும் உண்டு. கடன் என்று வந்தால் வங்கிக்குப் போவதற்கு முன் டாம்கோவில் (மாநில அரசின் சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம்) ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். வட்டி அங்கே குறைவு.

எல்லாருக்கும் பொதுவான இன்னொரு சலுகை முதல் பட்டதாரி. வீட்டில் யாருமே பட்டம் வாங்கவில்லை என்றால், கலந்தாய்வு மூலம் தொழிற்படிப்பில் சேருகிற முதல் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை. சாதியும் வருமானமும் இதற்குக் கணக்கில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒருவர்தான்.

மத்திய அரசின் உதவித்தொகைகள்: ஒன்றைத்தான் எடுக்கலாம்

தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிப்பவை இவை. மாநில அரசின் ஆயிரம் ரூபாய் எதனோடும் ஒட்டிக்கொள்ளும், இவை ஒட்டாது. பெரும்பாலும் "வேறு உதவித்தொகை வாங்கவில்லை" என்று உறுதி கேட்கும். ஆகவே எதை எடுப்பது என்று யோசிக்க வேண்டும்.

பி.எம். உச்சதர் சிக்ஷா என்ற உதவித்தொகை, பிளஸ் டூவில் தன் வாரியத்தின் முதல் இருபது சதவீதத்துக்குள் வந்து, குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு. இளநிலையின் முதல் மூன்று வருடம் 12,000 வீதம், முதுநிலையில் 20,000. அந்த அம்மாவின் பெண்ணுக்கு மதிப்பெண் போதவில்லை. நல்ல மதிப்பெண் எடுத்து உள்ளூர்க் கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு இது மிகப் பொருத்தம்.

பிரகதி, தொழில்நுட்பப் படிப்பில் முதல் வருடம் சேரும் பெண்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) தருவது. டிப்ளமோவோ பட்டமோ, வருடத்துக்கு 50,000. வருமான வரம்பு எட்டு லட்சம், வீட்டுக்கு இரண்டு பெண்கள்வரை. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு இதே தொகையில் சக்ஷம். தொகையைப் பார்த்தால் எல்லாவற்றையும்விடப் பெரியது. ஆனால் கட்டிவிட்டுக் காத்திருக்கும் பணம், கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை, தேர்வுப் பட்டியல் வர வேண்டும். 7.5 சதவீத இடம் கையில் இருக்கும்போது இதைத் துரத்த வேண்டியதில்லை. 7.5-க்குள் வராத, தனியார் பள்ளியில் படித்த ஏழைப் பெண் பிள்ளைக்குத்தான் இதன் அருமை தெரியும். பாலிடெக்னிக் சேரும் பெண்ணுக்கும் இது உண்டு என்பதே நிறையப் பேருக்குத் தெரிவதில்லை.

நம் ஊருக்கென்றே ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி வேறு எங்கும் அதிகம் பேச மாட்டார்கள். பீடித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கான மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் கல்வி உதவி. குடியாத்தம், பேரணாம்பட்டு, வேலூர் சுற்று வட்டாரத்தில் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றும் வீடு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அத்தனை வீட்டுப் பிள்ளைகளும் தகுதிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். பட்டப்படிப்புக்கு வருடம் 6,000, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக்குக்கும் அதே 6,000, பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புக்கு 25,000. குடும்ப வருமானம் மாதம் பத்தாயிரத்துக்குள் இருக்க வேண்டும். அப்பாவோ அம்மாவோ குறைந்தது ஆறு மாதம் அந்தத் தொழிலில் இருக்க வேண்டும். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை வேண்டும்.

இந்த அட்டையில்தான் சிக்கல். பீடிப் பாஸ்புக் ஒருவர் பேரில், சுற்றுவது மூன்று பேர் என்று எத்தனையோ வீட்டில் நடக்கிறது. மாமியார் பேரில் அட்டை இருக்கும், மருமகள் பதினைந்து வருடமாகச் சுற்றிக்கொண்டிருப்பார். பேரப்பிள்ளைக்கு அந்த அட்டை உதவாது. அந்த அம்மாவிடம் கேட்டேன், "உங்க பேர்ல கார்டு இருக்காம்மா?" சிரித்துக்கொண்டே, "எங்க மாமியா பேர்லதான் இருக்குதுண்ணா" என்றார். பிள்ளை ஒன்பதாவது படிக்கும்போதே அம்மாவின் பேரில் அட்டை வாங்கியிருந்தால், பள்ளிக் காலத்திலிருந்தே வந்திருக்கும். ஒன்பது, பத்துக்கு 2,000, பதினொன்று, பன்னிரண்டுக்கு 3,000. பீடி சுற்றும் வீட்டில் பள்ளிப் பிள்ளை இருந்தால், இந்தக் கட்டுரையில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள்.

அறக்கட்டளைகள்

வி.ஐ.டி.யில் ஸ்டார்ஸ் என்றொரு திட்டம் 2008-லிருந்து இருக்கிறது. மாவட்டத்துக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று அரசுப் பள்ளியில் முதலிடம் பிடித்தவர்களுக்குப் படிப்பும் விடுதியும் இலவசம். கிடைத்தால் இதை மிஞ்ச எதுவும் இல்லை, கிடைப்பது மாவட்டத்துக்கு இரண்டு பேருக்கு. அதே வி.ஐ.டி. வேந்தர் ஜி. விசுவநாதன் தொடங்கிய அனைவருக்கும் உயர்கல்வி அறக்கட்டளை, பழைய வேலூர் மாவட்டத்தின் ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்லூரிப் படிப்புக்கு உதவுகிறது. இது முதலிடம் எடுத்தவர்களுக்கென்று இல்லை. உள்ளூர் அரசுக் கல்லூரியில் சாதாரணமாகப் படிக்கும் பிள்ளையும் விண்ணப்பிக்கலாம். மாநில அளவில் அகரம் அறக்கட்டளையின் விதைத் திட்டம் 2010-லிருந்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இருக்கிறது. அவர்கள் வீட்டுக்கே வந்து பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

அறக்கட்டளைப் பணத்தை நம்பித் திட்டம் போடக் கூடாது என்பது என் கருத்து. கிடைத்தால் மேல் செலவுக்கு. கிடைக்காவிட்டால் பிள்ளையின் படிப்பு நிற்கக் கூடாது.

கடன்

கடைசி வரிசைக்கு வந்துவிட்டோம். நாலு லட்சம்வரை கல்விக் கடனுக்கு ஈடு வேண்டாம், நாம் முன்பணம் போடவும் வேண்டாம். ஏழரை லட்சம்வரை ஜாமீன் கேட்பார்கள், அதற்கு மேல் சொத்து. படிக்கும் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். இங்கேதான் மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். தவணை இல்லை என்றால் வட்டி இல்லை என்று அர்த்தமில்லை.

வருடத்துக்கு ஒரு லட்சம் வீதம் நாலு வருடம் வாங்குகிறோம், வட்டி பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடம் வாங்கிய லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி, அடுத்ததற்கு நாலு, அப்புறம் மூன்று, இரண்டு. மொத்தம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். வேலைக்குப் போகும் நாளில் கடன் ஐந்து லட்சத்து நாற்பதாயிரமாக நிற்கும். அதைப் பத்து வருடத்தில் கட்டினால் மாதம் ஏழாயிரத்துச் சொச்சம், கடைசியில் கட்டி முடிக்கும்போது எட்டரை லட்சத்தைத் தாண்டியிருக்கும். பதினெட்டாயிரம் சம்பளத்தில் சென்னையில் ரூம் எடுத்துத் தங்கும் பிள்ளை ஏழாயிரத்தை எங்கிருந்து கட்டும்?

வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொழில்நுட்ப, தொழிற்படிப்பு படித்தால் அந்த இடைக்கால வட்டியை மத்திய அரசு கட்டும் மானியம் இருக்கிறது. மேலே சொன்ன ஒரு லட்சத்து நாற்பதாயிரம் அப்படியே மிச்சம். சாதாரண பி.ஏ., பி.எஸ்சி.க்கு இது இல்லை. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட பி.எம். வித்யாலட்சுமி, தரவரிசையில் முன்னால் நிற்கும் நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் சேருபவர்களுக்கு. எட்டு லட்ச வருமானம்வரை மூன்று சதவீத வட்டிச் சலுகை. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு இல்லை. மறுபடியும் அதே நிர்வாக ஒதுக்கீடு.

கடன் கெட்டது என்று சொல்ல வரவில்லை. நல்ல கல்லூரி, தகுதி அடிப்படையில் இடம், வேலை வாய்ப்பு தெரிகிறது, வட்டி மானியமும் கிடைக்கும் என்றால் தாராளமாக வாங்கலாம். 7.5 சதவீத இடத்தை விட்டுவிட்டு, வசதியான கல்லூரி வேண்டும் என்பதற்காக வாங்குவதுதான் எனக்குப் பிடிக்காத கடன்.

அந்தச் சிவப்பு எழுத்து

சரி, மூன்றாவது தாளுக்கு வருவோம். கல்லூரி தானே ஒரு விலையைப் போட்டு, தானே பாதியைக் குறைத்து, அதற்கு ஸ்காலர்ஷிப் என்று பெயர் வைக்கிறது. ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடியை நாம் உதவித்தொகை என்று சொல்வதில்லை. தாளின் அடியில் சின்ன எழுத்தில் முதல் வருடத்துக்கு மட்டும் என்று இருந்தது. இடம் நிர்வாக ஒதுக்கீடு. அதில் சேர்ந்தால் 7.5 போகும், முதல் பட்டதாரி போகும், வித்யாலட்சுமி போகும். பாதி விலைக்குக் கொடுத்து, இலவசமாகக் கிடைப்பது எல்லாவற்றையும் அடைத்துவிடுகிற ஏற்பாடு.

என் சொந்த அக்கா மகனுக்கு இது நடந்தது. பெயர் வேண்டாம், வேலூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு கல்லூரி. முதல் வருடம் பாதிக் கட்டணம், இரண்டாம் வருடம் முழுக் கட்டணம், மூன்றாம் வருடம் பஸ் கட்டணமும் ஏறியது. அக்கா அரை கிரவுண்டு மனையை விற்றார். அந்த வருடம்தான் நான் இந்தக் கணக்கையெல்லாம் உட்கார்ந்து போட ஆரம்பித்தேன்.

விடுதி, சான்றிதழ், வங்கிக் கணக்கு

விடுதியைப் பணமாக எண்ணிப் பார்க்க மறந்துவிடுகிறோம். 2025 ஜூலையில் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாறிய அரசு விடுதிகளில் தங்கலும் சாப்பாடும் இலவசம். கல்லூரி மாணவருக்கு உணவுப்படியாக மாதம் 1,500 ரூபாய் அரசு ஒதுக்குகிறது. வேலூரில் தனியார் விடுதியில் அந்தப் பணத்துக்கு ஒரு வாரச் சாப்பாடு ஓடினால் அதிகம். பி.சி., எம்.பி.சி. விடுதிகளில் வீட்டுக்கும் கல்லூரிக்கும் எட்டு கிலோமீட்டராவது தூரம் இருக்க வேண்டும் என்று விதி, பெண்களுக்கு அந்த விதி இல்லை. வேலூரில் படிக்கிற குடியாத்தத்துப் பெண்ணுக்கு மாதம் ஆயிரத்தைவிட இது பெரிய உதவி.

சான்றிதழ்களை ஏப்ரலிலேயே வாங்கி வையுங்கள். வருமானம், சாதி, முதல் பட்டதாரி எல்லாம் இ-சேவையில் போட்டு, வி.ஏ.ஓ.விடம் ஆரம்பித்து மேலே தாலுகா அலுவலகம்வரை போய்வர வேண்டும். ஜூன் மாதத்தில் ஊரே போடும். ஆதாரில் ஒரு இனிஷியல், மதிப்பெண் பட்டியலில் இன்னொரு இனிஷியல் என்றிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். எந்தக் கணக்கில் கடைசியாக இணைத்தோமோ அதற்குத்தான் அரசுப் பணம் போகும் என்பது தெரியாது. ஒரு பையன் ஐந்து மாதமாகத் தமிழ்ப் புதல்வன் பணம் வரவில்லை என்று சண்டைக்கு வந்தான். பார்த்தால், ரேஷன் கடைப் பக்கம் கேம்ப் போட்டபோது தபால் அலுவலகத்தில் ஒரு கணக்கு திறந்திருக்கிறான். ஐயாயிரமும் அங்கே பத்திரமாக இருந்தது. அன்றைக்கு என் கடையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான்.

அந்த அம்மாவுக்கும் பெண்ணுக்கும் நான் சொன்னது: கலை அறிவியல் கல்லூரிக்கும் பொறியியல் கலந்தாய்வுக்கும் இரண்டுக்குமே போடுங்கள், ஏஜென்டின் தாளை மறந்துவிடுங்கள். இரண்டுக்கும் போட்டோம். ஏஜென்டிடம் ஏற்கெனவே கொடுத்திருந்த இரண்டாயிரம் திரும்ப வரவில்லை. 7.5 சதவீதத்தில் காஞ்சிபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் வந்தது, விடுதியோடு. எடுத்துக்கொள் என்றேன். இப்போதும் அதையே சொல்வேன். பெண் யோசித்துவிட்டு, "எனக்கு மேத்ஸ்தான் வேணும்ணா" என்று உள்ளூர் பி.எஸ்சி.யில் சேர்ந்துவிட்டாள். மாதாமாதம் ஆயிரம் வருகிறது. போன வாரம் அம்மாவோடு வந்தாள், தம்பிக்காக. அவன் எட்டாவது படிக்கிறான். பீடிக் கார்டு இந்த முறை அம்மாவின் பேரில்.